மலைக்குப் போன மிசன்: கொடைக்கானலில் அமெரிக்கத் தம்பதியர்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மூதூரையும், கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் அதற்கு வடக்கே உள்ள திருகோணமலைத் துறைமுகத்தையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியர் இரண்டு வகையில் அறிந்திருந்தார்கள்: துறைமுகத்தின் ஆழத்தைப் புகழ்ந்தார்கள், கரையின் காய்ச்சலுக்கு அஞ்சினார்கள். மலேரியாவை நுளம்பே பரப்புகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் கண்டறியும்வரை, சதுப்பு நிலத்திலிருந்து எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று மருத்துவ உலகில் பெரும்பாலோர் நம்பியதால், அந்தக் காற்று எட்டாத உயரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோவது சிகிச்சையின் பாதியாகக் கருதப்பட்டது. சுகவாசத்தலம், அதாவது சமவெளியில் உடல்நலம் குன்றியவர்கள் சில மாதங்கள் தங்கித் தேறுவதற்கான மலைக்குடியிருப்பு, இந்த நம்பிக்கையில் பிறந்ததே. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1829இல் நுவரெலியாவைப் படைவீரர்களுக்கென அவ்வாறு ஏற்படுத்தினார். காரணம் பிழையானதாயினும் பலன் பெரும்பாலும் கிடைத்தது, ஏனெனில் அந்த உயரத்துக் குளிரில் மலேரியா நுளம்பு தழைப்பதில்லை.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழரிடையே பணியாற்றிய மிசனரிமார் கரையோரவாசிகள். அவர்களுள் 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கர்களின் வரலாறே மலையில் போய் முடிந்தது. அந்த மலையும் இலங்கையில் இல்லை. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் வேரூன்றிய அமெரிக்க இலங்கை மிசன், கடலுக்கு அப்பாலும் தமிழரிடையே ஒரு களம் தேடி, 1834இல் லெவி ஸ்போல்டிங்கை மதுரைக்கு அனுப்பிப் பார்த்தது. அதே ஆண்டு யூலையில் ஹென்றி ஹொய்சிங்டனும் வில்லியம் டொட்டும் யாழ்ப்பாணத்துத் தமிழ் உதவியாளர்களுடன் பாக்கு நீரிணையைக் கடந்து மதுரையில் குடியேறினர். வட்டுக்கோட்டைக் குருமடத்தை நடத்திய டானியல் பூவரும் 1836இல் அங்கே போய்ச் சேர்ந்தார். ஆகவே மதுரை மிசன், இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போன கிளை. பொதுவாக இந்த வரலாறு மறுதிசையிலிருந்தே எழுதப்படுவதால் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மதுரை அவர்களைக் கடுமையாகச் சோதித்தது. முதல் பத்தாண்டுகளில் வாந்திபேதியும் காய்ச்சலும் கணவரையும் மனைவியரையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொண்டுபோயின. திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள்; அதன் உயரம் போதாமையால் காய்ச்சல் அங்கும் பின்தொடர்ந்தது. அதன் பின்னரே, 1821இல் நில அளவையாளர் வார்ட் ஏறிப் பார்த்திருந்த பழனிமலையின் மேற்பரப்பில், சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில், 1845இல் ‘சன்னிசைட்’, ‘ஷெல்டன்’ என்ற இரண்டு பங்களாக்களை மிசன் எழுப்பியது. பிற்காலக் கொடைக்கானல் நகரம் இவ்விரு வீடுகளைச் சுற்றியே வளர்ந்தது. இந்தியாவின் மற்ற மலைநகரங்களைப் பெரும்பாலும் படையும் அரசும் உருவாக்கின. கொடைக்கானலோ வேதம் போதிக்க வந்தவர்களால் உருவானது, ஆனால் வேதம் போதிப்பதற்காக உருவானதன்று. அதன் அன்றாட வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

மலைக்குப் போவதே பெரும்பாடாக இருந்தது. மதுரையிலிருந்து மாட்டுவண்டியில் இரவுகளில் பயணம் செய்து பெரியகுளத்துப் பக்கத்து மலையடிவாரத் தோப்பை அடைந்து, அங்கிருந்து கூலிப்பாதை என்று பெயர்பெற்ற செங்குத்தான ஒற்றையடித் தடத்தில் ஏற வேண்டும். திடகாத்திரமானவர்கள் நடந்தோ மட்டக்குதிரையிலோ ஏற, வயது முதிர்ந்த தம்பதியரும் நோயாளிகளும் குழந்தைகளும் டோலியில், அதாவது மூங்கில் கழிகளில் பொருத்திய நாற்காலியில், ஆட்கள் தோள் மாற்றி மாற்றிச் சுமக்க மேலே போனார்கள். படுக்கை, பாத்திரம், புத்தகப் பெட்டி, சில வீடுகளுக்கு ஒரு சிறு ஆர்மோனியம் என அனைத்தும் தலைச்சுமையாக ஏறின. 1870களின் நடுவில் இரயில் அம்மையநாயக்கனூர்வரை வந்தபோது சமவெளிப் பயணம் சுருங்கியதே தவிர, மலையேற்றம் மாறவில்லை. மலைக்கு ஏறும் லோஸ் காட் சாலை 1914இல் திறக்கப்படும்வரை அந்தச் சமூகம் முழுவதும் கூலியாட்களின் தோளிலேயே நின்றது. மிசன் அறிக்கைகள் ஞானஸ்நானம் பெற்றவர்களை ஒருவர் விடாமல் எண்ணுகின்றன. தங்களைச் சுமந்தவர்களைப் பெயரிட்டுச் சொல்வது அரிது.

மேலே நடந்த வாழ்க்கையின் அச்சு மனைவிமாரே. அமெரிக்க மிசன் சபையின் பழைய பட்டியல்களில் மனைவிக்கு ‘உதவி மிசனரி’ என்ற தகுதியே தரப்பட்டது. சமவெளியில் பெண்கள் விடுதிப்பள்ளியை நடத்தியவரும் மலையில் வீட்டை நடத்தியவரும் அவரே. ஏப்ரல், மே மாத வெயிலில் கணவர் சில வாரங்களே விடுப்பில் மேலே தங்க, மனைவியும் குழந்தைகளும் நீண்ட காலம் தங்குவது வழக்கமாயிற்று. கணப்படுப்புக்கு விறகு, பங்களாவை விட்டு விலகி நின்ற சமையலறை, அடிவாரச் சந்தையிலிருந்து சுமந்து வந்த அரிசி, பட்லர், ஆயா, சலவைக்காரர் என்று வீட்டு நிர்வாகம் விரிந்தது. ரொட்டி ஒரு தனிச் சிக்கல்: தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஐரோப்பியச் சமையலறைகளில் மாவைப் புளிக்கவைக்கக் கள்ளே வழக்கமான பொருள்; மதுவிலக்கைப் போதித்த வீடுகளுக்கு அது சங்கடம் என்றால், பனையும் தென்னையும் இல்லாத அந்த உயரத்தில் அது கிடைப்பதும் அரிது. தோட்டத்தில் பேரியும் பிளம்ஸும் உருளைக்கிழங்கும் விளைந்தன. காலை மாலைக் குடும்ப ஜெபம், கடிதம் எழுதுதல், மாலை நடை, புதிதாக வந்த இளையவர்களுக்குத் தமிழில் முன்ஷியின், அதாவது மொழியாசிரியரின், பாடம், மூத்தவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பிரதி திருத்தும் வேலை என்று நாள் கழிந்தது. சமவெளியில் பாதிரியாராக மட்டுமே வாழ முடிந்தவர்கள், இங்கே நியூ இங்கிலாந்துக் கிராமவாசிகளாகச் சில வாரங்கள் வாழ்ந்தார்கள்.

பிள்ளைகளைப் பற்றிய துயரம் மட்டும் மலையிலும் தீரவில்லை. பள்ளி வயது வந்ததும் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, பல ஆண்டுகள் கடிதத்தில் மட்டுமே பெற்றோராக இருப்பது அந்தத் தலைமுறையின் விதியாக இருந்தது. அவ்வாறு போனவர்களுள் சிலர் மிசனரிகளாகவே திரும்பி வந்தனர்: 1849இல் மதுரையில் பிறந்த ஜோன் ஸ்கடர் சாண்ட்லர் 1873இல் திரும்பி, மிசனரி ரெண்டலின் மகளான ஹென்றியற்றாவுடன் குடும்பம் நடத்தி, மதுரை மிசனின் எழுபத்தைந்து ஆண்டு வரலாற்றை எழுதி, 1913 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதல் பதிப்பாசிரியராகவும் உழைத்தார். இத்தகைய தம்பதியருக்குத் தாயகம் எது என்ற கேள்விக்கு அமெரிக்கா என்ற விடை பொருந்தாது. 1901இல் மார்கரெட் எடியைத் தலைவராகக் கொண்டு கொடைக்கானலில் மிசனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியபோது, கடல்கடந்த அந்தப் பிரிவு முழுதாக நீங்காவிட்டாலும் தள்ளிப்போடப்பட்டது; அந்தப் பள்ளியே இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி.

அயலில் வாழ்ந்தவர்களோடு உறவு மெல்லியதாகவே இருந்தது. மலையின் பழைய விவசாயிகளான குன்னுவரும் காட்டை நம்பி வாழ்ந்த பளியரும் மிசனரிமாருக்குப் பெரும்பாலும் காய்கறி, விறகு, கூலி ஆகியவற்றின் வழியாகவே அறிமுகமானார்கள். சமவெளியில் கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போன அதே மனிதர்கள் வில்பட்டி போன்ற பக்கத்து ஊர்களில் அத்தகைய தீவிரத்தைக் காட்டியதாகத் தெரியவில்லை. ஓய்வுக்கு வந்தவர்கள் ஓய்வெடுத்தார்கள் என்று நியாயம் சொல்லலாம். ஆனால் ஒரு மலையையே தங்கள் ஓய்வுக்கென மாற்றியமைத்தவர்களிடம் அங்கே முன்பே வாழ்ந்தவர்களைப் பற்றி இன்னும் கூடுதலான அக்கறையை எதிர்பார்ப்பது தவறாகாது.

ஒன்றோடொன்று பேசாத மிசன்களை மலை பேசவைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெவ்வேறு சபைகளின் குடும்பங்கள் கோடைதோறும் ஒரே ஏரிக்கரையில் நடந்து, ஒரே ஆராதனையில் அமர்ந்து பழகிய பழக்கத்துக்கு, 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் ஓரளவு பங்கு உண்டு. மதுரையையும் யாழ்ப்பாணத்தையும் ஒன்றாக இணைத்த அந்தச் சபை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனின் திருச்சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனம் ஆயின.

இதற்கிடையே இலங்கையிலிருந்து இன்னொரு தம்பதியரும் அந்த மலையை நாடினார்கள். இலங்கைத் தமிழ் அரசியல் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும், அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து சைவத்தைத் தழுவிய அவருடைய மனைவி லீலாவதியும் கொடைக்கானலில் வீடு கொண்டிருந்தனர். இராமநாதன் 1930இல் காலமான பின், மிசனரிமார் தேவாலயம் கட்டிய அதே மலையில், லீலாவதி அம்மையார் முருகனுக்குக் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை 1936இல் கட்டுவித்தார்; அது இப்போது பழனி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது.