ஏலச் சரிவில் மனநலப் பயிற்சி

1965இல் மதுரையிலிருந்து வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றை மனநலம் படிக்கும் முதுநிலை மாணவர்கள் தேடிப் படிக்கலாம். தற்கொலைக்கு முயன்று எர்ஸ்கின் மருத்துவமனையில் (இன்றைய அரசு இராசாசி மருத்துவமனை) சேர்க்கப்பட்ட 114 பேரை ஆராய்ந்து டாக்டர் வெங்கோபராவ் எழுதியது அது. வாசலுக்கு வந்த துயரத்தையே ஆய்வுப் பொருளாக்கியதில்தான் அதன் பெருமை.

எம்.டி. மூன்றாண்டுப் படிப்பில் ஆய்வேடு கட்டாயம். ஆனால் ஓ.பி.யில் எளிதாகக் கிடைக்கும் நோயாளிகளை வைத்தே பல ஆய்வேடுகள் முடிந்துவிடுகின்றன. வராதவர் கணக்கில் வருவதில்லை. முதுநிலை மாணவர் 3 மாதம் மாவட்ட அளவில் பணியாற்றும் ஏற்பாடு இப்போது நடைமுறையில் இருப்பதால், வராதவரைத் தேடிப் போகவும் வழி பிறந்திருக்கிறது.

அந்த 3 மாதத்துக்குப் போடிநாயக்கனூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. விடியுமுன்னே ஆள் ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகின்றன. காய் எடுத்தவர்கள் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிடும். ஓ.பி. சீட்டு கொடுப்பதோ காலையில். டாக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட வேண்டும். மாத்திரையை நிறுத்தியவரை ‘ஒத்துழைக்காதவர்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவது சுலபம். மாலையில் கிளினிக் வைத்தால் எத்தனை பேர் மருந்தைத் தொடர்கிறார்கள்? ஓர் ஆய்வேட்டுக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

ஏலம் பூச்சிமருந்து நிறையக் கேட்கும் பயிர். அந்த டப்பா வீட்டு மூலையில் இருந்தால், ஒரு கணத்துக் கோபம் உயிரையே கொண்டுபோகும். 1986இல் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சினேகா’வைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் குழுவினரும் காட்டுமன்னார்கோயில் பகுதியில் 2 கிராமங்களில் பொதுக் கிடங்கு வைத்து, மருந்தைப் பூட்டிவைக்கும் முறையைச் சோதித்தார்கள். ஒப்பிட வேறு 2 கிராமங்கள். முடிவுகள் 2013இல் வெளியாயின. இதையே ஏலமலையில் செய்தால் சாவி யாரிடம் இருக்கும்: கங்காணியிடமா, தொழிலாளியிடமா? வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில் என்றால் எந்த மாநிலப் பதிவேட்டைப் புரட்டுவது? சமவெளியில் எழாத கேள்விகள் இவை.

கற்பித்தலுக்கும் இங்கே இடமுண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் 1970களில் சகலவாராவிலும், பின்னர் 1985 முதல் பெல்லாரியிலும் அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களுக்கு மனநலப் பயிற்சி தந்து பார்த்தது. போடிக்கு வரும் மாணவர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் நோய்களின் வகைப்பாட்டை ஒப்பிக்கத் தேவையில்லை. உடம்பு வலி, தூக்கமில்லை என்று மூன்றாம் முறையாக வரும் பெண்ணிடம் அடுத்து என்ன கேட்பது, யார் முன்னால் கேட்கக் கூடாது என்பதைச் செய்துகாட்டினால் போதும். அதைச் செய்துகாட்ட முதலில் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்; அங்கேதான் பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.