தளபதியின் கடிதமும் பெயர் எழுதப்படாத மூவரும்

கோட்டைகளின் வரலாற்றை எழுதுவோர் கட்டுவித்த மன்னனைக் குறிப்பிடுவர். செப்பனிட்ட பொறியாளரையும் குறிப்பிடுவர். மண் சுமந்தோர் ஏடேறுவது அரிது. அவ்வாறு சுமந்தோரே ஒரு தளபதியைக் கடிதம் எழுதவைத்த நிகழ்ச்சி ஒன்று அமெரிக்க வரலாற்றில் உண்டு. நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என வினவுவோர், சோதிராவ் பூலே 1873 ஆம் ஆண்டில் தம் ‘குலாம்கிரி’ நூலை நீக்ரோ அடிமைத்தனத்தை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார் என்பதை நினைவிற் கொள்க.

வெர்ஜீனியா மாநிலக் கடற்கரையில் மன்றோ கோட்டை உள்ளது. 1619 இல் ஆங்கிலேயக் குடியேற்றப் பகுதிக்கு ஆப்பிரிக்க அடிமைகள் முதன்முதல் கொண்டுவரப்பட்ட முனை அதுவே. 1819 இல் தொடங்கிய கோட்டைப் பணியில், எசமானர்கள் வாடகைக்கு விட்ட அடிமைகளும் உழைத்தனர். கூலி எசமானரைச் சேர்ந்தது.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. வெர்ஜீனியா பிரிந்து சென்றது. கோட்டை மட்டும் ஒன்றிய அரசின் வசமே இருந்தது. மே 22 இல் தளபதி பெஞ்சமின் பட்லர் அங்குப் பொறுப்பேற்றார். நீர்ப்பரப்புக்கு அப்பால் சூவெல்ஸ் முனையில் பிரிவினைப் படையினர் பீரங்கி மேடை அமைத்து வந்தனர். அங்கு வேலை வாங்கப்பட்ட பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்டு என்னும் மூவர், மறுநாள் இரவு படகேறிக் கோட்டைக் காவலரிடம் வந்து சேர்ந்தனர். அவர்களைத் தொலைவிலுள்ள கரோலினாவுக்குக் கொண்டுசெல்லவிருந்தனர்.

தப்பிய அடிமையை உரியவரிடம் ஒப்படைத்தல் 1850 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கடமை. அச்சட்டத்தைக் காட்டி எதிர்ப்படையின் மேஜர் கேரி, வெள்ளைக்கொடியுடன் வந்து மூவரையும் கேட்டார். பட்லர் தொழிலால் வழக்கறிஞர். தனிநாடு என்று சாற்றிக்கொண்ட வெர்ஜீனியாவுக்கு அமெரிக்கச் சட்டத்தின் துணை எதற்கு என்று மறுத்துவிட்டார்.

மே 24 ஆம் நாள் அவர் தலைமைத் தளபதி ஸ்காட்டுக்கு எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஊன்றிப் படிக்கத்தக்கது. எதிரியின் பீரங்கி மேடைகள் இம்மக்களின் உழைப்பின்றி எழும்புவது ஏறத்தாழ இயலாது என்று அதில் ஒப்புக்கொள்கிறார். தமக்கும் ஆள் தேவை மிகுதி. ஆகவே மூவரையும் வைத்துக்கொள்வதாகவும், தனியார் உடைமை எதனையும் படைத்தேவைக்கு எடுத்தால் தருவதுபோல உரியவருக்குப் பற்றுச்சீட்டு அனுப்புவதாகவும் கூறுகிறார். எசமானர் கர்னல் மல்லோரியின் பெயர் அக்கடிதத்தில் உண்டு. வந்த மூவரின் பெயர் இல்லை! பட்லரை விடுதலை வீரர் எனப் போற்றுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். அவர் கண்டது முதலில் வேலையாளை. மனிதரைக் காணச் சில வாரங்கள் ஆயின.

காணவைத்தவர்களும் அம்மக்களே. செய்தி வாய்வழியே பரவிற்று. மே 27 இல் குடும்பங் குடும்பமாக மக்கள் வந்தமையைப் பட்லர் எழுதும்போது, அறுபதாயிரம் டாலர் மதிப்புடைய உடைமை என்றே கணக்கிட்டார். ஜூலை 30 ஆம் நாள் போர் அமைச்சர் கேமரனுக்கு எழுதிய கடிதத்தில் தொகை 900 ஆயிற்று. உடல் வலிமையுள்ள ஆடவர் 300, கடுமுழைப்புக்கு ஆகாத முதியோர் 30, பெண்டிர் 175, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 225, பத்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் 170. ஹாம்ப்டன் ஊரில் அரண் எழுப்பும் பணியை அவர்கள் ஊக்கத்துடன் செய்து, நண்பகல் வெயிலில் படைவீரர்கள் வருந்தாவண்ணம் காத்தனர் என்று சான்றளிக்கிறார். பின்னர்தான் அந்த வினா வருகிறது. இவர்கள் உடைமையா? எசமானரும் விட்டோடிய நிலையில் இவர்கள் மனிதரல்லரா? ஒரு வாரத்திற்குள், ஆகஸ்டு 6 இல், பிரிவினைப் போருக்கு ஈடுபடுத்தப்பட்ட அடிமைகள்மீது எசமானருக்கு உரிமையில்லை என்னும் சட்டம் நிறைவேறிற்று.

எனினும் கூலி எளிதில் கைக்கு வரவில்லை. பட்லருக்குப் பின்வந்த தளபதி வூல் அவ்வாண்டு நவம்பரில் வலிமையுள்ள ஆடவருக்குத் திங்களுக்குப் பத்து டாலர் என ஆணையிட்டார். கையில் தரப்பட்டது இரண்டு டாலரே. எஞ்சியது முதியோர், பெண்டிர், குழந்தைகள் பராமரிப்புக்கென்று பிடித்துக்கொள்ளப்பட்டது.

இதற்கிடையே, கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்பதை வெர்ஜீனியாச் சட்டம் தடுத்திருந்த காலத்திலேயே மறைவாகக் கற்பித்துவந்த மேரி பீக் என்னும் கறுப்பினப் பெண்மணி, 1861 செப்டம்பர் 17 இல் ஹாம்ப்டனில் ஓர் ஓக் மரத்தடியில் வெளிப்படையாகப் பள்ளி தொடங்கினார். அவர் சில மாதங்களில் காலமானார். 1868 இல் அவ்வூரிலேயே ஹாம்ப்டன் கல்விக்கூடம் எழுந்தது. 1872 இல் அங்குச் சேர்ந்து பயின்றவருள் ஒருவர், அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன்.