பெயரறியாதோரின் கல்லறைகள்



யோர்தானிலிருந்து எடுக்கப்பட்ட 12 கற்களை யோசுவா கில்காலில் நாட்டினார். கில்கால் என்னும் எபிரெயச் சொல்லுக்குக் கல்வட்டம் என்றும் அறிஞர் பொருள் கூறுவர். வேதாகமமோ அதை நிந்தையைப் புரட்டிவிட்டதோடு இணைக்கிறது. இக்கற்கள் ஏதென்று பிற்காலத்தில் பிள்ளைகள் கேட்டால், தகப்பன்மார் விடை சொல்லவேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. நம் பழைய வட ஆர்க்காட்டுப் பூமியிலும் கல்வட்டங்கள் உண்டு. அவற்றைக் குறித்துப் பிள்ளைகள் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 'பாண்டவர் குழி' என்பர் சிலர். 'குள்ளர் வீடு' என்பர் வேறு சிலர்.

அவை பெரும்பாலும் இரும்புக்கால மக்களின் கல்லறைகள். பெரும் பாறைகளை உருட்டி வட்டமாக அடுக்கினர். உள்ளே பலகைக் கற்களால் ஓர் அறை, அல்லது தாழி, அல்லது கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை. பல இடங்களில் எலும்புகளைப் பிற்பாடு சேகரித்தே அடக்கம்பண்ணினர். அருகில் கறுப்பு சிவப்புப் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் வைத்தனர். அப்பாறைகளை ஒரு குடும்பம் தனியே நகர்த்தியிராது; ஊரே கூடியிருக்கவேண்டும்.

வந்தவாசிக்கு அருகே கீழ்நமண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்த ஈமப்பேழை ஒன்றின் கரித்துண்டு கி.மு. 1692-ஐச் சேர்ந்ததென்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. யோசுவா யோர்தானைக் கடப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முன்பு! (எல்லாக் கல்வட்டங்களும் அத்தனை பழையவை அல்ல; பல கி.மு. முதல் ஆயிரமாண்டைச் சேர்ந்தவை.) திருப்பத்தூர்ப் பக்கம் பையம்பள்ளியில் 1960-களில் நடந்த அகழாய்வில் கேழ்வரகும் கொள்ளும் கிடைத்தன. நம் வீடுகளில் இன்றும் களி கிண்டுகிற அதே கேழ்வரகுதான்.

இவை அந்நிய தெய்வங்களின் கற்கள், அகற்றினால் என்ன என்று சில விசுவாசிகள் கேட்பதுண்டு. கல்லறை விக்கிரகமன்று. ஆபிரகாம் அந்நிய தேசத்தில் சாராளை அடக்கம்பண்ண, எப்பிரோனுக்கு 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தல்லவா மக்பேலா நிலத்தை வாங்கினான்? நம் கல்லறைத் தோட்டத்தில் ஒருவன் சிலுவைகளைப் பெயர்த்தால் அன்றைக்கே காவல் நிலையம் செல்வோம். கல்வட்டத்தில் உறங்குவோருக்காக முறையிட எவருமில்லை. ஆகவே அப்பாறைகள் ஜல்லியாக உடைகின்றன. புதையல் தேடுவோர் குழி தோண்டி, பானையோடுகளை வீசிவிட்டுப் போகிறார்கள்.

நம் சபையில் நிலமுள்ள குடும்பங்கள் பல. நிலத்தைச் சமன்செய்யும்போது வட்டமாகப் பாறைகள் தென்பட்டால், ஜேசிபியை நிறுத்தச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும், வேலூர்க் கோட்டையிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கும் செய்தி சொல்லுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் தோண்டவேண்டாம்.