நகர வெள்ளத்தை ரேடாரால் வரைபடமாக்கல்

நகரத் தெருக்களிலும் குடியிருப்புகளிலும் பெருகிய வெள்ளத்தின் பரப்பை, செயற்கைக்கோள் அனுப்பித் திரும்பப் பெறும் நுண்ணலைகளைக் கொண்டு கண்டறியும் முறை இது. நுண்ணலைகள் மேகத்தை ஊடுருவும். இரவு பகல் பாராமல் படம் தரும். ஒளிப்படக் கருவி மட்டுமே கொண்ட செயற்கைக்கோளோ வானம் வெளுக்கக் காத்திருக்க வேண்டும். நகர வெள்ளம் பெரும்பாலும் அதற்குள் வடியத் தொடங்கிவிடும்.

இதற்கு அடிப்படையான செயற்கைத் துளை ரேடாரின் கருத்தை 1951இல் அமெரிக்கப் பொறியாளர் கார்ல் வைலி வகுத்தார். நகர்ந்துகொண்டே இருக்கும் சிறிய ஆன்டெனா பெறும் எதிரலைகளைக் கணக்கிட்டு ஒன்றிணைத்தால், மிக நீண்ட ஆன்டெனாவின் நுட்பம் கிடைக்கும் என்பதே அது. இத்தகைய ரேடாரைச் சுமந்த முதல் குடிசார் செயற்கைக்கோளான நாசாவின் சீசாட், 1978இல் ஏவப்பட்டு மூன்றரை மாதங்களில் செயலிழந்தது. ஐரோப்பாவின் ஈஆர்எஸ்-1 1991இலும், கனடாவின் ரேடார்சாட்-1 1995இலும் விண்ணுக்குச் சென்றன.

திறந்த வெளியில் வெள்ளத்தைக் காண்பது ஓரளவு எளிது. அமைதியான நீர்ப்பரப்பு தன்மேல் சாய்வாக விழும் அலையை எதிர்ப்புறமாகத் தெறிக்கவிடுவதால் செயற்கைக்கோளுக்கு எதுவும் திரும்புவதில்லை. படத்தில் அவ்விடம் கறுத்துத் தெரியும். 1993ஆம் ஆண்டின் மிசிசிப்பி வெள்ளத்தை ஈஆர்எஸ்-1 இவ்வாறே பதிவு செய்தது. நகரத்தில் இந்த விதி தடுமாறுகிறது. வழவழப்பான தார்ச்சாலை நீரின்றியே கறுப்பாகத் தெரியும். உயர்ந்த கட்டடங்களின் நிழலில் விழும் தெருவை அலை எட்டுவதே இல்லை. கட்டடத்தின் மேற்பகுதி எதிரலை முன்னதாகத் திரும்பி, பக்கத்துத் தெருவின் மேல் படிந்து அதை மறைக்கிறது. அக்காலத்துப் படங்களின் பிரிதிறன் 25 முதல் 30 மீட்டர். ஒரு தெருவும் இருபுற வீடுகளும் ஒரே படப்புள்ளிக்குள் அடங்கிப்போயின.

2007 ஜூனில் ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸும் இத்தாலியின் காஸ்மோ-ஸ்கைமெட் வரிசையின் முதல் செயற்கைக்கோளும் ஏவப்பட்டபோது நிலைமை மாறியது. அவற்றின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். பிரிதிறன் 3 மீட்டரும் அதற்குக் குறைவும். அடுத்த மாதமே இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றங்கரை ஊரான டியூக்ஸ்பரி மூழ்கியது. ஜூலை 25இல் டெர்ராசார்-எக்ஸ் அதைப் படமெடுத்தது. ரெடிங் பல்கலைக்கழகத்தின் டேவிட் மேசன் குழுவினர், விமான லேசர் அளவீட்டில் கிடைத்த கட்டட உயரங்களிலிருந்து ரேடாருக்கு மறையும் தெருக்களை முன்கூட்டியே கணித்து ஒதுக்கினர். எஞ்சிய நகரப்பகுதியில் வெள்ளப் புள்ளிகளின் 76 விழுக்காடு சரியாகப் பிடிபட்டது. மறைந்த தெருக்களையும் சேர்த்தால் அது 58 விழுக்காடாகக் குறைந்தது. இந்த இரண்டாம் எண்ணையும் அவர்கள் வெளியிட்டதே ஆய்வின் பெருமதிப்பு. முறையின் எல்லை அதனால்தான் புலப்பட்டது.

அதன் பிறகு, இடையூறாக இருந்த சுவரே தடயமாகப் பயன்படத் தொடங்கியது. தரையில் பட்டுச் சுவரில் மோதித் திரும்பும் அலையை இரட்டைத் தெறிப்பு என்பர். சுவரடியில் நீர் நிற்கும்போது அது பெரும்பாலும் வலுக்கும். ஆகவே மூழ்கிய தெரு கறுப்பதற்குப் பதிலாக வெளுப்பதும் உண்டு. ஆனால் சுவர் செயற்கைக்கோளின் பயணத் திசைக்கு ஏறக்குறைய இணையாக இருந்தால்தான் இது தெளிவாகத் தெரியும்.

திசைச் சார்பு குறைந்த மற்றொரு தடயம் ஒத்திசைவு. கட்டடங்கள் அசையாதவை என்பதால், வெவ்வேறு நாட்களில் எடுத்த இரு படங்களில் அவற்றிலிருந்து திரும்பும் அலைகளின் கட்டம் (அலையின் ஏற்ற இறக்க நிலை) ஒத்துப்போகும். இடையில் நீர் புகுந்தால் அந்த ஒப்புமை குலையும். 2014இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ, 2016இல் இணைசேர்ந்த 1பி ஆகியவை ஒரே தடத்தை 6 நாட்களுக்கு ஒருமுறை படமெடுத்து, அவற்றை யாவருக்கும் இலவசமாக வழங்கியதால் இம்முறை பரவியது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது கிடைத்த படங்களைக் கொண்டு மார்கோ கினி குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று.

ஆயினும் 2021இல் தொடங்கிய ஐரோப்பாவின் உலகளாவிய வெள்ளக் கண்காணிப்புச் சேவை, சென்டினல்-1 படங்களைத் தானாகவே அலசினாலும், அடர்ந்த நகரப்பகுதிகளைக் கணிப்பிலிருந்து விலக்கியே வைத்தது. மற்றொரு குறை காலம்: செயற்கைக்கோள் கடக்கும் நேரத்தில் வெள்ளம் உச்சத்தில் இருக்க வேண்டுமென்பதில்லை. சிறு செயற்கைக்கோள்களைப் பெருக்கி இந்த இடைவெளியைக் குறைக்கப் பின்லாந்தின் ஐஸ்ஐ நிறுவனம் முனைந்தது. அதன் முதல் செயற்கைக்கோள் 2018 ஜனவரியில் இந்தியாவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. நாசாவும் இஸ்ரோவும் இணைந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30இல் அங்கிருந்தே ஏவப்பட்டது. அதன் 24 சென்டிமீட்டர் அலை மரக்கிளைகளை ஊடுருவக்கூடியது என்பதால், மரங்கள் அடர்ந்த குடியிருப்புகளில் தேங்கிய நீரைக் காணவும் வழி ஏற்பட்டுள்ளது.