கடல்வழியே விஸ்கி ஆலைகளுக்கு: ஸ்காட்லாந்துத் தீவுகளின் கதை



தலைப்பைப் பார்த்துவிட்டு, "டீச்சருக்கு என்ன ஆச்சு?" என்று சிரிக்க வேண்டாம். பாட்டிலின் வாசனையைக்கூட அறியாதவள்தான் இதை எழுதுகிறேன். கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் கேட்டிருந்தான். கோடையில் நண்பர்கள் பாய்மரப் படகுகளில் கூட்டமாகக் கிளம்பி, தீவு தீவாகப் போய் விஸ்கி ஆலைகளைப் பார்க்கப் போகிறார்களாம். "நான் குடிக்கிறவன் இல்லை டீச்சர், போனால் பார்க்க என்ன இருக்கு?" என்பது அவன் கேள்வி. அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. உங்கள் எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே போடுகிறேன்.

முதலில் ஸ்காட்லாந்து வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் சொன்னதுதான்: வரைபடம் இல்லாமல் வரலாறு படிக்கக் கூடாது. மேற்குக் கரையைப் பாருங்கள். எலி கடித்த துணி போலக் கிழிந்து கிழிந்து கிடக்கும். கடல் நீண்ட விரல்களாக நிலத்துக்குள் நுழைந்திருக்கும். அதை அங்கே 'லாக்' என்பார்கள். வெளியே ஸ்கை, மல், ஜூரா, ஐலா என்று தீவுகள். இந்த நிலத்தில் சாலை போடுவது கடினம். பல நூற்றாண்டுகள் கடலே அவர்களுக்குச் சாலையாக இருந்தது. அதனால்தான் அங்குள்ள பழைய விஸ்கி ஆலைகள் பல தண்ணீரைப் பார்த்தபடி, கரையை ஒட்டி நிற்கின்றன. காரில் போகிறவர் ஆலையின் பின்வாசல் வழியாக நுழைகிறார் என்று சொல்லலாம். படகில் போகிறவர் முன்வாசலில் இறங்குகிறார்.

கூட்டமாகப் படகில் போகும் பயணத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது 'கிளாசிக் மால்ட்ஸ் குரூஸ்'. 1994-இல் தொடங்கியது. ஓபன் ஆலைக்கு அது 200-வது ஆண்டு. ஒவ்வொரு கோடையிலும் நூறு படகுகள்வரை சேர்ந்து ஓபன், ஸ்கை தீவின் டாலிஸ்கர், ஐலா தீவின் லகவூலின் என்ற மூன்று ஆலைகளின் வாசலில் நங்கூரம் போட்டன. அது பந்தயம் அல்ல. குறித்த நாளில் குறித்த இடத்தில் கூட வேண்டும், இடையில் யார் எந்த வழியில் போனாலும் சரி. ஆலையில் சுற்றிப் பார்ப்பது, பாட்டு, ஆட்டம், விருந்து எல்லாம் உண்டு. இன்று சொந்தப் படகு இல்லாதவர்களும் பழைய மரக்கப்பல்களில் பணம் கட்டி இடம்பிடித்து இப்படிப் போகிறார்கள்.

ஆனால் இது புதுப் பழக்கம் இல்லை. ஆல்ஃபிரட் பர்னார்ட் என்ற பத்திரிகையாளர் 1880-களில் நண்பர்களோடு ரயில், நீராவிக் கப்பல், குதிரை வண்டி என்று ஏறி இறங்கி, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இருந்த நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட ஆலைகளைச் சுற்றினார். 1887-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். நாம் சொன்ன மூன்று ஆலைகளும் அதில் இருக்கின்றன.

விஸ்கி எப்படி உண்டாகிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். முளையை உலர்த்தி அரைத்து, வெந்நீரில் கரைத்து, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். அதைச் செம்பு வாலையில் காய்ச்சி வடிப்பார்கள், பெரும்பாலும் இரண்டு முறை. சித்த மருந்து வடிக்கும் வாலை தெரியும் அல்லவா, அதன் பெரிய அண்ணன். பிறகு ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் வைத்தால்தான் ஸ்காட்ச் விஸ்கி என்று பெயர் போட முடியும். அது சட்டம்.

தீவு விஸ்கியில் புகை வாசனை இருக்கும் என்பார்கள். காரணம் புவியியல். மரம் குறைந்த, காற்றடிக்கும் தீவுகள். விறகு கிடையாது. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் மட்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த 'பீட்' என்ற மண்தான் எரிபொருள். நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும் முந்தைய நிலை அது. அதை வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்தார்கள். முளைத்த பார்லியையும் அந்தப் புகையில்தான் உலர்த்தினார்கள். இன்று பணக்காரர்கள் விலை கொடுத்துத் தேடும் அந்த வாசனை, விறகில்லாத ஏழை வீட்டு அடுப்பின் வாசனை.

இனி வரலாறு. 'விஸ்கி' என்ற சொல் கேலிக் மொழியில் 'உயிர்த்தண்ணீர்' என்ற பொருளில் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்து அரசின் கணக்குப் புத்தகத்தில் 1494-இல் முதல் குறிப்பு கிடைக்கிறது: அரசர் ஆணைப்படி துறவி ஜான் கோர் என்பவருக்கு உயிர்த்தண்ணீர் வடிக்க எட்டு 'போல்' அளவு முளைப்பார்லி. அதற்கு ஓராண்டுக்கு முன், 1493-இல், தீவுகளை ஆண்ட மெக்டொனால்டு வம்சத்தின் ஆட்சியுரிமையை அதே அரசு பறித்திருந்தது. இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1644-இல் மதுவுக்கு வரி வந்தது. வரி ஏற ஏறக் கள்ளத்தனமும் ஏறியது. குடியானவன் தன் பார்லியை விஸ்கியாக்கி விற்றால்தான் நிலச்சொந்தக்காரருக்குக் குத்தகைப் பணம் கட்ட முடியும். அதனால் பல நிலச்சொந்தக்காரர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். குகையிலும் ஓடைக்கரையிலும் வாலைகள் வேலை செய்தன. கடைசியில் 1823-இல் ஒரு சட்டம் வந்தது. வரியைக் குறைத்து, ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் வைத்தார்கள். சிறுபிள்ளை விளையாட்டு அளவு வாலைகளுக்கு உரிமம் கிடையாது. பணம் உள்ளவர் ஆலை கட்டலாம், இல்லாதவர் கூலிக்குப் போகலாம் என்று ஆயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் உரிமம் பெற்ற ஆலைகள் வரிசையாக எழுந்தன.

இப்போது படகில் ஏறுவோம். முதல் நிறுத்தம் ஓபன். எதிரே கேரெரா தீவு காற்றைத் தடுப்பதால் நல்ல துறைமுகம். ஜான், ஹியூ என்ற ஸ்டீவன்சன் சகோதரர்கள் 1794-இல் இங்கே ஆலை வைத்தார்கள். முதலில் ஆலை, பிறகுதான் ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது. பின்னால் செங்குத்துப் பாறை, முன்னால் கடைத்தெரு. விரிவாக்க இடமே இல்லாததால் இன்றும் ஒரு ஜோடி வாலைகளோடுதான் ஓடுகிறது.

ஓபனிலிருந்து வடக்கே போகும்போது ஆர்ட்னமர்க்கன் முனையைச் சுற்ற வேண்டும். அதற்கப்பால் திறந்த கடல், பெரிய அலை. அதைத் தாண்டிய படகுகள் முகப்பில் ஒரு கொத்து ஹெதர் பூவைக் கட்டிக்கொள்வது மாலுமிகள் வழக்கம். தாண்டிவிட்டோம் என்ற பெருமை.

அடுத்து ஸ்கை தீவு. லாக் ஹார்போர்ட் என்ற கடல்விரலுக்குள் நுழைந்தால் கார்போஸ்ட் என்ற சிற்றூர். அங்கே கரையில் வெள்ளைச் சுவரோடு டாலிஸ்கர் ஆலை. மூன்று ஆலைகளில் நான் அதிகம் யோசித்தது இதைப் பற்றித்தான்.

1825-இல் ஹியூ மெக்காஸ்கில் என்பவர் மெக்லியோடு வம்சத் தலைவரிடமிருந்து டாலிஸ்கர் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். அந்தக் காலத்தில் தீவுகளின் நிலை மோசம். கடற்பாசியை எரித்துக் கண்ணாடிக்கும் சோப்புக்கும் வேண்டிய சாம்பலெடுக்கும் தொழிலை நம்பி நிறையக் குடும்பங்கள் இருந்தன. நெப்போலியன் போர் 1815-இல் முடிந்தபின் வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து அந்தத் தொழில் படுத்துவிட்டது. நிலம் வைத்திருந்தவர்களுக்கு மனிதர்களைவிட ஆடு லாபம். குடியானவர்களை வெளியேற்றிவிட்டு ஆட்டுப்பண்ணை வைத்தார்கள். இதைத்தான் வரலாற்றில் 'ஹைலண்ட் வெளியேற்றம்' என்கிறோம். மெக்காஸ்கிலும் அதையே செய்தார். வெளியேற்றப்பட்டவர்களில் சிலர் கப்பலேறினார்கள். சிலர் கார்போஸ்ட் பக்கம் ஒதுக்கப்பட்ட துண்டு நிலங்களில் ஒண்டினார்கள். 1830-இல் ஹியூவும் அவர் தம்பி கென்னத்தும் அதே கார்போஸ்டில் ஆலை கட்டினார்கள். நிலமிழந்தவர்களே அருகில் இருந்ததால் வேலைக்கு ஆள் பஞ்சமில்லை. அந்தப் பகுதியின் பாதிரியார் மதுவை எதிர்த்தவர். இந்த ஆலை ஊருக்கே சாபம் என்று கண்டித்தார். ஆலையும் அண்ணன் தம்பியிடம் நிலைக்கவில்லை, 1848-இல் வங்கியின் கைக்குப் போனது.

ஆலையில் ஒரு விசித்திரம் பார்க்கலாம். வாலைகள் ஐந்து. வழக்கமாக இரட்டைப்படையில் இருக்கும். 1928 வரை மூன்று முறை வடித்த பழக்கத்தின் மிச்சம் இது. இன்னொன்று: 1900 வரை இங்கே படகுத்துறை கிடையாது. நிரம்பிய பீப்பாய்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கப்பல்வரை இழுத்துப்போய் ஏற்றினார்கள். கப்பலேறிப் போன குடும்பங்களை எண்ணிப்பாருங்கள். கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன ஸ்கை மக்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. 1846-இல் உருளைக்கிழங்கு நோய் வந்தபின் இன்னும் பலர் போனார்கள். பொறுமைக்கும் எல்லை உண்டு. 1882-இல் அதே தீவின் கிழக்குப் பக்கம் பிரேஸ் என்ற ஊரில், கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீசாரைப் பெண்கள் முன்னே நின்று எதிர்த்தார்கள். நாடு முழுக்கப் பேச்சானது. விசாரணைக் குழு போட்டார்கள். 1886-இல் சட்டம் வந்து, குத்தகையை ஒழுங்காகக் கட்டுகிறவரை நிலத்திலிருந்து விரட்ட முடியாது என்ற பாதுகாப்பு கிடைத்தது. டாலிஸ்கர் நிலத்தை இழந்தவர்களுக்கு அது அறுபது ஆண்டு தாமதம்.

இனித் தெற்கே, ஐலாவுக்கு. இந்த வழியில் காற்றைவிட நீரோட்டம்தான் எஜமான். நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓதம், தீவுகளுக்கிடையே உள்ள ஒடுக்கங்களில் ஆறுபோலப் பாயும். ஜூராவுக்கும் ஸ்கார்பாவுக்கும் நடுவே கோரிவ்ரெக்கன் என்ற பெருஞ்சுழல் இருக்கிறது. '1984' நாவலை ஜூராவில் இருந்து எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1947-இல் அங்கே சிறு படகில் குடும்பத்துப் பிள்ளைகளோடு மாட்டிக்கொண்டு, படகு கவிழ்ந்து, பாறை மேல் ஏறித் தப்பினார். அவ்வழி வந்த மீனவர்கள் காப்பாற்றினார்கள். ஆகவே நல்ல படகோட்டி, முதலில் ஓத அட்டவணையைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆலையில் நேரம் கேட்பார்.

அதே ஓதம் ஆலைகளுக்கு உதவியும் செய்தது. 'பஃபர்' என்ற குட்டி நீராவிக் கப்பல்கள் இருந்தன, அடி தட்டையானவை. ஏற்றத்தில் வந்து மணலில் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் வற்றியதும் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி நிலக்கரியையும் பார்லியையும் இறக்கி, விஸ்கிப் பீப்பாய்களை ஏற்றுவார்கள். அடுத்த ஏற்றத்தில் மிதந்து போய்விடும். லாரியோடு ஏறும் படகுச் சேவை வந்தபின் 1970-களில் அவற்றின் காலம் முடிந்தது.

லகவூலின் விரிகுடாவின் வாய் ஒடுக்கம், இருபுறமும் பாறை. உள்ளே நுழையும்போது கரையில் இடிந்த கோட்டை ஒன்று தெரியும். அதுதான் டனிவெய்க். 1493-இல் ஆட்சியை இழந்தார்கள் என்று சொன்னேனே, அந்த மெக்டொனால்டுகளின் போர்ப்படகுகள் தங்கிய இடம். அவர்கள் துறையிலேயே பிறகு கள்ள வாலைகள் நடந்தன, 1816-இல் ஜான் ஜான்ஸ்டன் என்பவர் சட்டப்படி ஆலை வைத்தார். போர்ப்படகு, கள்ளச்சரக்கு, வரி கட்டிய சரக்கு, இன்று உல்லாசப் படகு. நானூறு ஐந்நூறு ஆண்டு வரலாறு ஒரே சின்னத் துறையில்.

அந்த மாணவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தாராளமாகப் போகலாம். குடிக்காதவருக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் உண்டு, சொல்லப்போனால் மதிப்பு அதிகம். மாலையில் சிறு ரப்பர் படகில் எல்லோரையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவர நிதானமான ஒருவர் வேண்டுமே! கூட்டமாகப் போனாலும் ஒவ்வொரு படகின் பொறுப்பும் அந்தப் படகின் தலைவருக்கே. அவர் நங்கூரம் போட்டு, அன்றைய வேலை முடியும்வரை கோப்பையைத் தொடாதவர்தானா என்று பார்த்து ஏறுங்கள். உயிர்காப்பு உடையைக் கழற்றாதீர்கள்.

ஆலையில் வழிகாட்டி தண்ணீர், பீப்பாய், வாசனை பற்றி அழகாகச் சொல்வார். வெளியேறிய குடும்பங்களைப் பற்றிச் சொல்வாரா என்பது அவரவரைப் பொறுத்தது. நீங்களே கேளுங்கள். தளத்தில் நின்று மலைச்சரிவைப் பாருங்கள். அந்தத் தீவுகளில் பல இடங்களில், மாலை வெயில் சாய்வாக விழும்போது, பச்சைக்கு நடுவே வரிவரியான மேடுகள் தெரியும். ஒரு காலத்தில் உருளைக்கிழங்கும் தானியமும் விளைந்த பாத்திகள் அவை. பக்கத்தில் கூரையில்லாத கல்வீடுகள் இருக்கும். கைப்பேசியில் ஆலையைப் படம் எடுக்கும்போது அதையும் ஒன்று எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் வீடுகளில் இதை வரைபடத்தோடு படித்துக்காட்டுங்கள். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்