சீடன் கேட்ட கட்டைவிரல்



'மனிதன் வேலையைப் பறிப்பது எந்திரமா? எஜமானனா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி எந்திரத்தை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனார். "அந்தக் காலத்து எந்திரம் சொன்னதை மட்டும் செய்தது, இந்தக் காலத்து ரோபோ கற்றுக்கொள்கிறது, அதனால்தான் ஆபத்து" என்றார். அம்மா, நான் முப்பது வருஷமாக வாத்தியார். கற்றுக்கொள்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். சரி, அதுக்கு வாத்தியார் யாரு? (சிரிப்பு)

இதற்குப் பதில் தேட வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரத்துக்குள் போகணும். போகிற வழியில், தமிழ் வாத்தியார் புத்தி, ஒரு சொல்லைப் பார்த்துவிட்டுப் போகலாம். 'ரோபோ' என்ற சொல் செக் மொழியிலிருந்து வந்தது. காரெல் சாப்பெக் 1920-ல் எழுதிய 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தில்தான் முதலில் வருகிறது. அவருக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன், ஓவியர் யோசெஃப். 'ரொபோத்தா' என்றால் அந்த மொழியில் கூலியில்லாமல் ஆண்டைக்குச் செய்கிற கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிசில்லை. அங்கே 'வெட்டி' என்றொரு சொல் அடிக்கடி வரும். அதற்கும் இதே பொருள்தான். ஆக, ரோபோவுக்கு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் 'வெட்டி ஆள்' என்று வைக்கலாம். நம் வீட்டில் சில பேருக்கு ஏற்கெனவே அந்தப் பெயர் இருப்பதால்தான் யோசனையாக இருக்கிறது. (சிரிப்பு)

சரி, வாத்தியாருக்கு வருவோம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி என்ற ஊரில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலை. அங்கே பொறியாளர்கள் ஒரு வித்தை செய்தார்கள். கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் லேத்து மாதிரியான எந்திரத்தில் ஒரு சாமானைச் செய்வார். அவர் கை எப்படி எப்படி அசைகிறதோ, அதை எந்திரத்தின் வழியாகக் காந்த நாடாவில் பதிவு செய்துகொள்வார்கள். பாட்டைப் பதிவு செய்கிற மாதிரி! அப்புறம் அந்த நாடாவைப் போட்டுவிட்டால் ஆள் இல்லாமலே எந்திரம் அதே சாமானைச் செய்யும்.

அதே கம்பெனியில் அப்போது விளம்பரப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் கர்ட் வானெகட். பின்னாளில் பெரிய நாவலாசிரியர். 1952-ல் அவர் எழுதிய முதல் நாவல் 'பிளேயர் பியானோ'. அதிலே ஒரு பழைய தொழிலாளி வருவார். ஆலையிலேயே கெட்டிக்காரர் என்று அவரைத் தேர்ந்தெடுத்து, அவர் கையசைவை நாடாவில் பிடித்துக்கொள்வார்கள். மனுஷனுக்கு ஒரே பெருமை, 'என்னைத்தான் தேர்ந்தெடுத்தாங்க' என்று. அந்த நாடா ஓட ஆரம்பித்ததும் அவரும் வேண்டாம், அவர் கூட்டாளிகளும் வேண்டாம். வேலை போன பிறகும் அந்தப் பெருமை அவருக்குப் போகவில்லை பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கமுடியாத இடம்.

நாவல் கிடக்கட்டும். நிஜத்தில் நடந்தது இன்னும் ஆச்சரியம். அந்தப் பதிவு நாடா முறை எடுபடவில்லை. அதே 1952-ல் எம்.ஐ.டி. என்கிற புகழ்பெற்ற கல்விக்கூடத்தில், விமானப்படை கொடுத்த பணத்தில், வேறொரு முறையை அரங்கேற்றினார்கள். அதிலே தொழிலாளியின் கையே தேவையில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, துளையிட்ட நாடாவில் எண்களாகக் கொடுத்துவிடுவார்கள். டேவிட் நோபிள் என்ற சரித்திர ஆசிரியர் 1984-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதி இதற்குக் காரணம் சொன்னார். முதல் முறையில் நாடா வந்த பிறகும் வித்தை தொழிலாளியின் கையில்தான் இருக்கும். நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. வித்தையை மாடிக்குக் கொண்டுபோக விரும்பினார்கள் என்பது அவர் வாதம். இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொள்கிறேன். எதிரணியில் பொறியாளர் ஒருவர் தலையை ஆட்டுகிறார். உங்கள் முறை வரும்போது பேசுங்கள் ஐயா, கேட்கிறேன்.

1961. நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆலை. அங்கே 'யூனிமேட்' வந்து இறங்குகிறது. தொழிற்சாலைக்குள் வேலைக்குச் சேர்ந்த முதல் ரோபோ அதுதான். ஜார்ஜ் டெவால் கண்டுபிடித்தது, ஜோசப் எங்கல்பெர்கர் தொழிலாக்கியது. இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைச்சலான ஒற்றைக் கை. அதுக்கு என்ன வேலை? அச்சில் வார்த்த உலோகம் தகதகவென்று வரும். அதை எடுத்துக் குளிரவைக்க வேண்டும். கை வெந்துபோகிற வேலை. அதுக்கும் ஒரு ஆள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். 'இங்கே நீட்டு, இங்கே பிடி, இங்கே விடு' என்று கையை ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்திக் காட்டினால், அது மனப்பாடம் செய்துகொள்ளும். நம்ம பையன்கள் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியேதான். (சிரிப்பு)

நார்வே நாட்டில் பிரைன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே டிரால்ஃபா என்ற கம்பெனி ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்துகொண்டிருந்தது. சித்தாள்கள் ஜல்லி தள்ளுவார்களே, அந்த வண்டி. அதற்கு வர்ணம் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. அந்த நெடியை மூச்சில் வாங்கிக்கொண்டு யார் நிற்பது? 1967-ல் அவர்களே ஒரு ரோபோவைச் செய்தார்கள். அந்தக் கையின் நுனியில் வர்ணத் துப்பாக்கி. அனுபவமுள்ள வர்ணக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை வண்டிக்கு வர்ணம் அடித்துக்காட்டுவார். அவ்வளவுதான். விஜயதசமிக்குக் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுத வைக்கிறோமே, அதேதான்! அவர் மணிக்கட்டைத் திருப்பினால் அதுவும் திருப்பும். ஓரத்தில் கொஞ்சம் நின்று போனால் அதுவும் நின்று போகும். இருபது வருஷம் நெடியில் நின்று பழகிய பழக்கம் ஒரு தடவையில் நாடாவுக்குப் போய்விட்டது. சகோதரி, உங்களுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். நுரையீரலைத் தின்கிற வேலையை எந்திரம் எடுத்துக்கொண்டால் நான் கும்பிடுகிறேன். அதைத் திரும்பக் கொடு என்று எந்த வர்ணக்காரரும் கேட்க மாட்டார்.

ஆனால் லார்ட்ஸ்டவுனில் நடந்தது என்ன? ஒஹையோ மாநிலம். மறுபடியும் ஜெனரல் மோட்டார்ஸ். 1970 வாக்கில் அங்கே வெல்டிங் வேலைக்கு யூனிமேட்டுகளை வரிசையாக நிறுத்தினார்கள். நிர்வாகம் என்ன செய்தது? மணிக்கு அறுபது கார் என்றிருந்த ஓட்டத்தை 100 கார் ஆக்கியது. ஒரு காருக்கு 36 விநாடி! அந்த 36 விநாடிக்குள் ஒருத்தர் தன் வேலையை முடிக்கணும். முடிப்பதற்குள் அடுத்த கார் வந்து நிற்கும். இதில் சில நூறு பேரைக் குறைத்து, அவர்கள் வேலையையும் மிச்சமிருந்தவர் தலையில் வைத்தார்கள். தொழிலாளர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். 1972-ல் ஓட்டுப் போட்டார்கள். 97 சதவிகிதம் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவு. 22 நாள் ஆலை நின்றது. குறைத்த வேலைகளில் பெரும்பகுதியைத் திரும்பக் கொடுக்க நிர்வாகம் இறங்கி வந்தது. யோசித்துப் பாருங்கள். வெல்டிங் வைத்தது யூனிமேட். கடிகாரத்தை முடுக்கியது யூனிமேட்டா? அதே ஆலையில் 2019 மார்ச்சில் கடைசி கார் வெளியே வந்தது. சின்ன காருக்கு விற்பனை குறைந்துவிட்டது என்று மூடினார்கள். அன்றைக்கு ரோபோவுக்கும் வேலை போச்சு! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, மகாபாரதத்தில் ஏகலைவன் கதை எல்லோருக்கும் தெரியும். துரோணர் சீடனிடம் வலதுகைக் கட்டைவிரலைக் கேட்டார். கேட்டது அநியாயம் என்று இத்தனை நூற்றாண்டாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இங்கே கதை தலைகீழ். சீடன் வித்தையையும் வாங்கிக்கொண்டு குருவின் கட்டைவிரலைக் கேட்கிறான். சீடன்கூடக் கேட்கவில்லை ஐயா, அவன் பாவம் இரும்பு. சீடனை விலைக்கு வாங்கியவர் கேட்கிறார்!

எதிரணியில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, இப்போதைய எந்திரத்துக்குக் குருவே வேண்டாம்" என்று சொல்லப் போகிறார். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். 2016 மார்ச்சில் சியோல் நகரத்தில் 'ஆல்ஃபாகோ' என்ற எந்திரம், 'கோ' என்கிற கட்ட விளையாட்டில் கொரியாவின் லீ செடோலை நாலுக்கு ஒன்று என்று தோற்கடித்தது. அந்த எந்திரம் முதலில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துத்தான் படித்தது. அடுத்த வருஷம், 2017-ல், அதன் தம்பி 'ஆல்ஃபாகோ ஜீரோ' மனிதர் ஆட்டம் ஒன்றுகூடப் பார்க்காமல், தனக்குத்தானே ஆடி ஆடிக் கற்று, அண்ணனை நூற்றுக்கு நூறு தோற்கடித்தது. 2019-ல் லீ ஓய்வு பெற்றுவிட்டார். உண்மைதான், நெஞ்சை அடைக்கிற உண்மை.

ஆனால் விளையாட்டுப் பலகையில் கட்டமும் மாறாது, விதியும் மாறாது. சமையலறை அப்படியா? எண்ணெய் தெறிக்கும், கரண்டி வழுக்கும். 2024 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 'மொபைல் அலோஹா' என்ற ரோபோ இறால் வறுப்பதைக் காட்டினார்கள். உலகமே பார்த்தது. அதுக்கு எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு ஆளின் இடுப்பை அந்த வண்டியோடு சேர்த்துக் கட்டி, அவர் கை அசைய அசைய அதன் கையும் அசையும்படி வைத்து, திரும்பத் திரும்பச் செய்துகாட்டினார்கள். அறுபத்துச் சொச்சம் வருஷம் ஆகியும் வாத்தியார் வேலை போகவில்லை. இடுப்பில் கயிறு மட்டும் வந்திருக்கிறது. (சிரிப்பு)

கடைசியாக ஹாலிவுட். 2023-ல் அங்கே எழுத்தாளர்கள் 148 நாள் பேனாவைக் கீழே வைத்தார்கள். நடிகர்கள் 118 நாள். சம்பளம் ஒரு காரணம். கற்கும் எந்திரம் இன்னொரு காரணம். கூட்டத்தில் நிற்கிற துணை நடிகரின் உருவத்தை ஒரு நாள் கூலி கொடுத்துப் படியெடுத்துக்கொண்டு, காலமெல்லாம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று நடிகர் சங்கம் குற்றம் சாட்டியது. தயாரிப்பாளர்கள் தரப்பு மறுத்தது. கடைசியில் ஒப்பந்தம் வந்தது. நடிகரின் உருவத்தை எந்திரத்தில் செய்து பயன்படுத்தினால் அவர் சம்மதம் வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். எந்திரம் எழுதியதை எழுத்தாளர் பெயருக்குரிய படைப்பாகக் கருதக்கூடாது. ஸ்கெனெக்டடியில் நாடாவில் கை பதிந்த நாளிலிருந்து பார்த்தால், குருமார்கள் ஒன்றுகூடி 'தட்சணையை வைத்துவிட்டு வித்தையை எடு' என்று சொல்லி வாங்கிய இடம் அது.

பிரைன் ஊரில் கையைப் பிடித்துக் காட்டிய வர்ணக்காரருக்கு அப்படி ஒரு காகிதத்தை யாரும் நீட்டவில்லை. நீட்டியிருக்க வேண்டியது ரோபோவா, முதலாளியா? எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.