கோர்வை

'கோ' என்றால் கோத்தல். கோவை அதன் பெயர்ச்சொல். பேச்சில் ரகரம் ஏறிக் கோர்வை ஆயிற்று. ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறிகளில், கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா ஓட்டி, இரண்டின் ஊடையையும் ஒன்றோடொன்று பூட்டி நெய்வது கோர்வை. தனி ஆவர்த்தனத்தின் முடிவில் மிருதங்கக்காரர் ஒரு சொற்கட்டை மும்முறை வாசித்து நிறுத்துவதும் கோர்வைதான்.

டிஜேக்களின் 'மிக்ஸ்' என்பதைக் 'கலவை' என்று எழுதினால் எனக்குச் சிமெண்ட்தான் நினைவுக்கு வருகிறது. கோர்வை என்றே சொல்லலாம். அதற்கு நல்ல சான்று, 2023இல் மறைந்த டிஜே கோவா கில். சைக்கடெலிக் டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசையின் முன்னோடி. அவர் இசைத்தது வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லாத டாட் (டிஜிட்டல் ஆடியோ) நாடாக்களில். (தறியில் ஓடுவதும் நாடாதான்!) தாளத்தோடு தாளம் பொருத்தும் வித்தை அங்கே செல்லாது, நடுநிசிக்கு எந்த இசை, விடியலுக்கு எது என்ற வரிசைதான் எல்லாம். அவருடைய சில அமர்வுகள் 24 மணி நேரம்கூட நீண்டன.